அழுகை அறை

பேர்டெட் படமாளிகையின் பால்கனிக்குப் பின்னால், இடது மூலையில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறைக்குள் ஒரு பிள்ளையைத் தனியாக விட்டுக் கதவைச் சாத்தக்கூடாது என்று நான் இரண்டு தரம் சொன்னேன். ஒரு தரம் என் தம்பி தனபாலனுக்கு, ஒரு தரம் விழாவை ஒழுங்கு செய்த ஹரிப்பிரியாவுக்கு. இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். என் சொல் எங்கள் குடும்பத்தில் எப்போது எடுபட்டது, அன்றைக்கு எடுபட?

என் பெயர் விக்னேஸ்வரி. உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றபின், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பழைய தியேட்டரைச் சுற்றிக் காட்டும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன். மெல்பேர்ண் நகரத்தில் இருந்து டண்டினொங் போகிற ரயில் பாதையில், பாதி வழியில் இருக்கிறது தியேட்டர். வெள்ளைக்காரருக்கு அவர்களுடைய பூட்டனும் பூட்டியும் படம் பார்த்த கதையை ஒரு யாழ்ப்பாணத்துக்காரி சொல்லிக் கொடுக்கிறாள். வந்தவர்களில் யாராவது நான் எந்த ஊர் என்று கேட்டால், நான் இப்போது இருக்கிற கிளேட்டனைச் சொல்லிவிட்டு அடுத்த படியில் ஏறிவிடுவேன்.

பேர்டெட் என்பவன் குதிரை லாயம் வைத்திருந்தவன். இனி மோட்டார்தான், குதிரைக்குப் பிழைப்பில்லை என்று மோப்பம் பிடித்து, 1911இல் லாயத்தை இடித்துப் படமாளிகை கட்டினான். சனிக்கிழமை பின்னேரம் என்றால் அந்தத் தெருவில் ஒருவரும் வீட்டில் தங்கமாட்டார்களாம். ஜாம் ஃபக்டரியில் வேலை செய்த பெட்டைகள் கையில் பழவாசம் போகாமல் ட்ராமில் வந்து இறங்குவார்கள். முதலாம் உலக யுத்த காலத்தில் மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்குப் பூட்டச் சட்டம் வந்தபோது, வேறு போக்கிடமில்லாத ஆண்களும் பெண்சாதி பிள்ளைகளோடு இங்கே வந்து குந்தினார்கள். கைக்குழந்தைக்காரிகள் தள்ளுவண்டிகளைக் குழந்தையோடு வாசல் மண்டபத்தில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போவார்கள். வண்டிக்கொரு இலக்கம். குழந்தை அழுதால், பதினேழாம் இலக்கம் அழுகிறது என்று திரையில் எழுத்து விழும். பதினேழாம் இலக்கத்தின் தாய் மற்றவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடுவாள்.

அது ஊமைப் படக் காலம். திரைக்குக் கீழே மிஸிஸ் கார்மொடி என்று ஒருத்தி பியானோ வாசிப்பாள். அவள் வேகமாக வாசித்தால் துரத்துகிறார்கள் என்று அர்த்தம், இழுத்து வாசித்தால் யாரோ சாகிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தவன் படத்தை முன்பின் பார்க்காதவன், அவனுக்குத் தெரிந்தது நாலைந்து கூத்துப் பாட்டு. திரையில் சுரங்கம் இடிந்து, செத்த மகனைத் தாய் மடியில் போட்டுக் குலுங்குகிறாள். இவன் கூத்துப் பாட்டு வாசிக்கிறான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். உண்மையோ பொய்யோ, தியேட்டர் கமிட்டிக் கிழவர்கள் எனக்குச் சொன்னார்கள், நான் எல்லாருக்கும் சொல்கிறேன். கேட்கிற ஆட்களும் சிரிப்பார்கள்.

பிறகு பேசும் படம் வந்தது. பியானோவுக்குள் அமுங்கிப் போன குழந்தை அழுகை இப்போது கதாநாயகன் பேச்சுக்குக் குறுக்கே நின்றது. அதற்காகத்தான் பேர்டெட் அந்த அறையைக் கட்டினான். மூன்று பக்கமும் தடித்த சுவர். முன்னால் இரட்டைக் கண்ணாடி. படத்தின் சத்தம் உள்ளே வர ஒரு ஒலிபெருக்கி, குழந்தைகளின் நப்பித் துணி நாற்றம் போகக் கூரைவரை ஒரு காற்றுக்குழாய். மண்டபத்தில் நடப்பதெல்லாம் உள்ளே தெரியும், கேட்கும். உள்ளே இருந்து எப்படிக் கத்தினாலும் வெளியே ஒரு கதிரைக்கும் கேட்காது. சுற்றிக் காட்டும்போது நான் ஒருவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக் கத்தச் சொல்வேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அகலத் திறப்பதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். உள்ளே நிற்பவருக்கு மட்டும் சிரிப்புக் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

கதவின் உட்பக்கக் கைபிடி கழன்று விழுந்து கனகாலம். அதனால் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கீழே ஒரு மரக்கட்டை செருகி வைத்திருக்கிறோம். கமிட்டி அதைத் திருத்தப் போகிறது, திருத்தப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

தனபாலனின் ஒரே மகள் யுவனேஸ்வரி. பன்னிரண்டு வயது. போன வருடம் பெரியபிள்ளை ஆனாள். தகப்பன் டண்டினொங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் சுப்பர்வைசர், தாய் ரஞ்சினி முதியோர் இல்லத்தில் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைக்கு என் வீடுதான். என் குசினி மேசையில்தான் வீட்டுப்பாடம், என் சோஃபாவில்தான் நித்திரை. எனக்குப் பிள்ளை இல்லை. அவள் இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவளுக்கு ஆஸ்துமா, நாங்கள் முட்டு என்று சொல்வோம். அவள் வாய் திறந்து சொல்லமுதல் அவளுடைய தோள் எனக்குச் சொல்லிவிடும். இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறும், பிறகு ஒரு கை கழுத்துக்குப் போகும். உடனே நான் பஃபரை எடுத்து நீட்டுவேன். அந்த மருந்தை இரண்டு தரம் இழுத்தால் தோள் இறங்கிவிடும்.

பெரியபிள்ளை ஆனதற்குச் சாமத்தியவீடு செய்ய வேண்டும் என்றான் தம்பி. செய்தால் சும்மா செய்ய முடியுமா? எங்கள் ஆட்களில் ஒருத்தன் மகளை ஹெலிகொப்டரில் இறக்கிவிட்டான், இன்னொருத்தன் ஆறு குதிரை பூட்டிய வண்டியில் கொண்டுவந்தான். மிச்சம் இருந்தது சினிமாதான். பேர்டெட் படமாளிகையை வாடகைக்கு எடுத்து, மகளைக் கதாநாயகி போலக் காட்டப் போவதாக என்னிடம் வந்து நின்றான். விசர்க் கூத்து என்று சொன்னேன். கேட்டால்தானே.

ஹரிப்பிரியா சென்னைக்காரி, சிட்னி ஹரிஸ் பார்க்கில் தொடங்கி இப்போது மெல்பேர்ணிலும் விழா நடத்துகிறவள். திட்டம் அவளுடையது. பிள்ளையை முன்னரே கொண்டுபோய் அந்தக் கண்ணாடி அறையில் வைப்பது. கண்ணாடிக்கு உள்ளே சிவப்புத் திரை. சிட்னியில் இருந்து தாய்மாமன் பாலா வந்து சேர்ந்ததும் சனத்தை எல்லாம் திரும்பிப் பார்க்கச் சொல்வது. திரை விலகும், வெளிச்சம் விழும், பாட்டுப் போகும், பிள்ளை கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையசைப்பாள். பிறகு மாமன் கதவைத் திறந்து அழைத்து வருவான். அதுவரை ஒருவர் கண்ணிலும் பிள்ளை படக்கூடாது, மாமன் கைபடாமல் கதவு திறக்கக்கூடாது. இது எங்கள் சடங்கில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரஞ்சினியின் சொந்தக்காரர் அதைக் கேட்டுவிட்டு, ஓம் ஓம், அந்தக் காலத்தில் அப்படித்தான் என்றார்கள்.

அது நவம்பர் மாதம், சனிக்கிழமை. வடக்கில் இருந்து அனல்காற்று விடியத் தொடங்கியே அடித்தது. பின்னேரம் இடிமழை, ஆஸ்துமாக்காரர் வீட்டுக்குள் இருங்கள் என்று ஃபோனில் எச்சரிக்கை வந்திருந்தது. முன்பொரு நவம்பரில் இதே மாதிரிப் புயல் புல்லுப் பூந்தூளை அள்ளிக்கொண்டு வந்து, நல்லாய் நடமாடின ஆட்களையே மூச்சுமுட்டிச் சாகவைத்த நகரம் இது. காலையில் கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனை முடிந்து வெளியே வந்தபோது தம்பிக்குச் சொன்னேன்.

"இண்டைக்கு வேண்டாமடா. அடுத்த கிழமை வைப்பம்."

"என்னக்கா கதைக்கிறாய்? நாள் பார்த்து வைச்சது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. மண்டபத்துக்குள்ளதானே இருக்கப் போறாள், வெளியில ஓடி விளையாடவே போறாள்?"

தியேட்டருக்குப் போனதும் நான் நேரே மேலே ஏறினேன். அறைக்குள் யுவி சிவப்புப் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாய் ஒரு கதிரையில் இருந்தாள். அசைந்தால் ஏதாவது கழன்று விழும் என்று பயந்தவள் மாதிரி இருந்தாள். தலைமயிருக்கு அடித்த ஸ்ப்ரே வாசம் மூக்கில் ஏறியது.

"மாமி, ஸ்டே வித் மீ. இந்த றூம் வியர்டா இருக்கு."

"இருக்கிறன் குஞ்சு. பஃபர் எங்க?"

"அம்மாவின்ர பாக்கில. ஃபோனும் அதுக்குள்ளதான். சாரியோட கையில ஒண்டும் இருக்கக்கூடாதெண்டு ஹரி அன்ரி சொன்னவ."

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதோன்றி போட்ட விரல்கள் குளிர்ந்து கிடந்தன. அப்போதுதான் தம்பி வந்து, வாசலில் நின்றபடியே வெளியே வரும்படி சைகை காட்டினான்.

"அக்கா, கோவிக்காமல் கேள். நீ இங்க பிள்ளையோட இருக்க வேண்டாம். கமெரா எல்லாம் இங்கதான் நிக்குது. ஆக்கள் கதைப்பினம்."

"என்னெண்டு கதைப்பினம்?"

அவன் சப்பாத்தைப் பார்த்தான். "அத்தான் இல்லைத்தானே. மங்களமான காரியம். கதவு திறக்கேக்க முதல் முகமா நீ நிண்டால்..."

"பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வந்து சோறு தீத்தினது இந்த முகந்தான். ராத்திரி ராத்திரியா முட்டுப் பார்த்ததும் இந்த முகந்தான். அப்ப ஒருத்தரும் கதைக்கேல்லையோ?"

"எனக்கில்லை அக்கா. ரஞ்சினி பக்கத்து ஆக்களுக்காண்டித்தான் சொல்லுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே அவனுக்கு ஒரு அறை விட்டிருப்பேன், கமெராக்காரன் நின்றான். அழுகையும் வந்தது. அதை அவனுக்குக் காட்டக்கூடாது என்று விழுங்கினேன்.

"சரி, போறன். ஆனா அவளைத் தனிய விடாதே. இந்தக் கதவுக்கு உள்ளுக்குக் கைபிடி இல்லை, கட்டையை ஒருத்தரும் எடுக்கக்கூடாது. பஃபர் அவளின்ர கையில இருக்க வேணும்."

"ஓம் ஓம், எல்லாம் பாக்கிறம்."

ஹரிப்பிரியா பூமாலையோடு பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் அதையே சொன்னேன்.

"நீங்க டென்ஷன் ஆகாதீங்கக்கா. அவ ஃப்ரெண்டு பார்கவி கூட இருப்பா. பத்து நிமிஷ வேலை."

கீழே போய் ரஞ்சினியைப் பிடித்தேன். அவள் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பஃபரை மேலே அனுப்பு என்றேன். "ஓம் மச்சாள், இப்ப அனுப்புறன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கட்டிப்பிடித்தாள். கைப்பையை அவள் எங்கே வைத்தாள் என்று பார்த்தேன், கையில் இல்லை. முன்வரிசைக் கதிரையில் கிடக்கிறது என்றாள். நான் போய் எடுக்க முதல், தட்டுத் தூக்குகிற பெண்கள் வரிசைகட்டி வழியை அடைத்துவிட்டார்கள். அதில் ஒரு மனுசி, "நீங்கள் கொஞ்சம் பின்னால நில்லுங்கோ அன்ரி" என்றாள். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்து, விறுக்கென்று வாசல் மண்டபத்துக்கு வந்துவிட்டேன்.

பாலாவின் விமானம் பிந்திவிட்டது. சிட்னியில் இருந்து புறப்பட்டு, மெல்பேர்ணுக்கு மேலே புயலுக்குப் பயந்து வட்டம் போட்டுவிட்டு இப்போதுதான் இறங்கியதாம். அறிவிப்பாளன் மைக்கில் பகிடி விட்டு நேரத்தை ஓட்டினான். சின்னப் பிள்ளைகள் மேடையில் ஆடினார்கள். பத்து நிமிஷம் என்றது முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. நான் வாசல் கண்ணாடியால் வெளியே பார்த்தேன். வானம் மஞ்சளும் கறுப்புமாய்க் குழம்பிக் கிடந்தது. காற்று திடீரென்று நின்று, திசை மாறி, குளிர்ந்து அடித்தது. முதல் இடி விழுந்தபோது தெருவில் ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் மண்டபத்தில் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். கோப்பி குடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கோப்பையை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். வாழ்க்கையில் ஒரு நாளும் தும்மி நான் பார்க்காத கல்யாணசுந்தரம் அங்கிள் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். எனக்கே கண் எரிந்தது. அப்போதுதான் கூரைக்குப் போகிற அந்தக் காற்றுக்குழாய் என் நினைவுக்கு வந்தது. வெளியே சுழல்கிறது எல்லாம் நேரே அந்த அறைக்குள்தான் இறங்கும். மேலே போய்ப் பார்ப்போம், யார் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும் என்று திரும்பினேன். பார்கவி வெள்ளிச் செம்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள்.

"நீ ஏன் பிள்ளை கீழ நிக்கிறாய்? யுவி எங்க?"

"மேல இருக்கா அன்ரி. என்னைத் தோழிப் பிள்ளைகளோட வந்து நிக்கச் சொல்லிட்டாங்க."

அந்த நேரம் மண்டபத்துக்குள் பாட்டு வெடித்தது. தவிலும் ட்ரம்ஸும் கலந்த, கலியாண வீடுகளில் போடுகிற துள்ளல் பாட்டு. அறிவிப்பாளன் தொண்டை கிழியக் கத்தினான். "எல்லாரும் எழும்புங்கோ, திரும்பிப் பாருங்கோ, இந்தா வாறா எங்கட இளவரசி."

பாலா வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். முந்நூறு பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எல்லார் முகமும் பால்கனியைப் பார்த்து நிமிர்ந்திருந்தது, எல்லார் கையிலும் ஃபோன். நானும் நிமிர்ந்தேன். சிவப்புத் திரை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. திட்டப்படி திரை விலகவில்லை, யுவி அதைப் பிடித்து இழுத்திருக்கிறாள். திரை அசைந்ததைக் கண்ட வெளிச்சக்காரன் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து விளக்கைத் திருப்பியிருக்கிறான். விளக்கைக் கண்டவன் பாட்டைப் போட்டிருக்கிறான்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் தங்கமாய் மின்னினாள். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் வந்து விழுந்தன, விலகின, திரும்ப விழுந்தன. காப்புகள் குலுங்கின. வாய் திறந்து மூடியது. பாட்டின் தாளத்துக்கு அவள் தட்டினாள் என்று பலர் பிறகு சொன்னார்கள். இல்லை. மிஸிஸ் கார்மொடிக்குப் பதிலாக வந்தவன் செய்த வேலையைத்தான் அந்தப் பாட்டு செய்தது. சனம் விசிலடித்தது. சில பெண்கள் அவளுக்குத் திருப்பிக் கையசைத்தார்கள். ரஞ்சினி முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள், அவளும் கையை உயர்த்தி ஆட்டினாள்.

நான் தோளைப் பார்த்தேன். இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன. பிறகு ஒரு கை கண்ணாடியை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போனது.

தம்பி எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவன் சட்டையைப் பிடித்து உலுப்பி, முட்டு, பிள்ளைக்கு முட்டு என்று கத்தினேன். பாட்டில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பாரன் அக்கா, பாரன்" என்று என்னைத் தோளோடு அணைத்து மேலே காட்டினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவனைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

படிக்கட்டு முழுவதும் தவில்காரரும் தட்டுக்காரிகளும். இடித்துக்கொண்டு ஏறினேன், யாருடைய தட்டோ கவிழ்ந்து பழங்கள் உருண்டன. மேலே கதவு இறுகச் சாத்தியிருந்தது, நிலையில் மல்லிகைத் தோரணம். கட்டையைக் காணவில்லை. ஹரிப்பிரியா கையில் வோக்கிடோக்கியோடு குறுக்கே வந்தாள்.

"அக்கா, மாமா இன்னும் வரல. இப்ப திறந்தா ஷாட் போயிடும், யாரு பாட்டு போட்டாங்கன்னே தெரியல..."

அவளைப் பிடித்துத் தள்ளினேன். என் வயதில் அவ்வளவு பலம் இருந்தது எனக்கே தெரியாது. கதவைத் திறந்ததும் புழுங்கிய சூடும் ஸ்ப்ரே வாசமும் முகத்தில் அடித்தன. யுவி கண்ணாடிக்குக் கீழே சரிந்து கிடந்தாள். உதடு நீலம். நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்றுப் போகவில்லை. கழன்றுபோன கைபிடியின் இரும்புத் துவாரத்தைக் கிண்டிக் கிண்டி அவளுடைய விரல் நகங்கள் உடைந்திருந்தன. ஒலிபெருக்கியால் அந்தப் பாட்டும் கைதட்டலும் விசிலும் அறைக்குள் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தன. அவள் இருந்த நேரம் முழுவதும் எங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பால்கனி ஓரத்தில் நின்று கத்திப் பார்த்தேன். கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை, எல்லாரும் நான் நடுவில் வந்து படத்தைக் கெடுப்பதாகக் கையால் விலகச் சொன்னார்கள். படிக்குப் பக்கத்துச் சுவரில் மண்டபத்தின் மெயின் சுவிட்ச் இருக்கிறது. ஓடிப்போய் அதை இழுத்தேன். தியேட்டர் முழுவதும் இருண்டு, பாட்டு நடுவில் அறுந்தது.

"ரஞ்சினி, பஃபர்."

அந்த இருட்டில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பிறகு ரஞ்சினி அலறினாள். அந்த மாதிரி அலறல் அந்த மண்டபத்தில் எந்தப் படத்திலும் கேட்டிருக்காது.

எங்கள் கூட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டொக்டர் நிற்பார். அன்றைக்கு நாலு பேர் ஓடிவந்தார்கள். பஃபரை வாயில் வைத்து அடித்தோம், அடித்தோம், அவளால் இழுக்க முடியவில்லை. அம்புலன்ஸுக்கு ஃபோன் எடுத்தால் வரிசையில் காத்திருக்கச் சொல்லிக் குரல் வந்தது. நகரம் முழுவதும் அந்த நேரம் மூச்சுக்காகத்தான் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. மழையில் தோய்ந்து அப்போதுதான் வந்து இறங்கிய பாலா, பெட்டியைப் படியில் போட்டுவிட்டு மேலே ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். மாமன்தான் அழைத்து வரவேண்டும் என்றார்களே, அவன்தான் கொண்டு போனான். காரின் பின்சீட்டில் ஒரு டொக்டர் அவள் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டே போனார்.

பிள்ளை பிழைத்தாள். இடையில் சில நாட்கள் குழாயும் மெஷினும்தான் அவளுக்காக மூச்சு விட்டன. ஆஸ்பத்திரி நடைபாதையில் தம்பி என் பக்கத்தில் வந்து இருந்து, அக்கா என்று மட்டும் சொல்லி என் மடியில் தலையை வைத்து அழுதான். நான் அவன் தலையைத் தடவவில்லை. எனக்கு மனம் வரவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ரஞ்சினி தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால்தான் அவள் மகளுக்குக் கையசைத்தாள்.

வீடியோக்காரர் அன்றைக்கே, விஷயம் தெரியாமல், ஒரு நிமிஷத் துண்டு ஒன்றை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஹரிப்பிரியா அழுதுகொண்டு அதை அழிப்பித்தாள். ஆனால் அதற்குள் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் பார்த்து, சேமித்து, ஆளுக்காள் அனுப்பி, எத்தனையோ பேர் இதயம் போட்டுவிட்டார்கள். அதைப் பிள்ளையின் கண்ணில் காட்டக்கூடாது என்று எல்லாரும் பேசி வைத்திருந்தோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இருந்து எதை ஒளிக்கிறது?

ஆஸ்பத்திரியால் வந்தபின் தாய் வேலைக்குப் போகிற நாட்களில் அவள் திரும்பவும் என் வீட்டுக்கு வந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. ஒரு பின்னேரம் குசினியில் நான் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றபோது, முன்னறையில் அந்தப் பாட்டுக் கேட்டது. அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். சோஃபாவில் காலை மடக்கிக்கொண்டு, ஃபோனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தபடி இருந்தாள். துண்டு முடிந்தது, விரலால் தொட்டுத் திரும்பவும் ஓடவிட்டாள்.

"அதை ஏன் குஞ்சு பாக்கிறாய்? தா இங்க."

தரவில்லை. என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லித் தள்ளி இடம் விட்டாள். நான் இருந்தேன். இரண்டு பேரும் பார்த்தோம். வேகத்தைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, பாட்டைச் சேர்த்து நல்லாகத்தான் வெட்டி ஒட்டியிருந்தார்கள். காப்பு மின்ன மின்ன இரண்டு கையும் கண்ணாடிக்கு வந்தன. வாய் மெல்லத் திறந்தது.

"மாமி," என்றாள் யுவி, கண்ணை எடுக்காமல். "ஐ லுக் ஸோ ஹேப்பி, இல்லே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.